தேதி குறித்தாகிவிட்டது, இனி என்ன? எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை: கேள்வி-பதில்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அறுவை சிகிச்சைக்கு முந்தைய வாரங்களைப் பற்றியவை. அந்த வாரங்களை ஒழுங்காகக் கடந்தவர்களே பிறகு நன்றாகத் தேறுகிறார்கள் என்பதால், சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன்.

மூன்று வேளையும் சோறு சாப்பிட்டுப் பழகியவன் நான். காலையில் பழைய சோறு இல்லாமல் வயலுக்குப் போனதில்லை. அறுவைக்கு முன் இரண்டு வாரம் சோறே கூடாது என்கிறார்கள். எதற்கு இந்தப் பட்டினி? (விவசாயி, 46, மன்னார்குடி)

பட்டினி இல்லை ஐயா, காரணம் இருக்கிறது. இரைப்பையின் மேல்பகுதியை மறைத்துக்கொண்டிருப்பது கல்லீரலின் இடது மடல். உடல் பருமன் உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் அதில் கொழுப்பு சேர்ந்து வீங்கியிருக்கும். அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் நாங்கள் வேலை செய்ய வேண்டும். வீங்கிய கல்லீரல் தொட்டாலே ரத்தம் கசியும். சோறு, இட்லி, சர்க்கரை போன்றவற்றை நிறுத்தி, நாளொன்றுக்கு 800 முதல் 1,000 கலோரிக்குள் புரதம் மிகுந்த உணவாக எடுத்தால், இரண்டே வாரத்தில் அது நன்றாகச் சுருங்கிவிடும். சுருங்காவிட்டால், சிறு துளைகள் வழியே முடிய வேண்டியதை வயிற்றைத் திறந்து செய்ய நேரலாம்.

சர்க்கரை சேர்க்காத புரதப் பானம், நீர்மோர், காய்கறி சூப், முட்டை வெள்ளைக்கரு, பாசிப்பயறு என்று உங்கள் உணவு ஆலோசகர் எழுதித் தருவார். நீராகாரமும் கஞ்சித் தண்ணீரும் வேண்டாம். தண்ணீராக இருந்தாலும் அவை மாவுச்சத்துதான். முதல் மூன்று நான்கு நாட்கள் தலைவலிக்கும், எரிச்சல் வரும். பிறகு பசி அடங்கும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை நோய் மாத்திரையோ எடுப்பவர்கள் அதே அளவில் மருந்தைத் தொடர்ந்தபடி சோற்றை நிறுத்தினால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். மருந்தின் அளவை மாற்றி எழுதி வாங்கிய பிறகே உணவை மாற்றுங்கள்.

வெற்றிலையோடு புகையிலையும் போடுவேன். சிகரெட் இல்லையே, இதையுமா டாக்டரிடம் சொல்ல வேண்டும்? (52 வயது அம்மா, பாபநாசம்)

கட்டாயம் சொல்ல வேண்டும் அம்மா. மெல்லும் புகையிலையிலும் நிகோட்டின் இருக்கிறது. அது சிறு ரத்தக் குழாய்களைச் சுருக்கி, தையல் போட்ட இடம் ஆறுவதைத் தாமதப்படுத்தும். பைபாஸ் (இரைப்பையைச் சிறு பையாக்கிச் சிறுகுடலோடு இணைக்கும் எடைக் குறைப்பு அறுவை) செய்துகொண்டவர்களுக்கு அந்த இணைப்பில் புண் வருவதற்கும் அது முக்கியக் காரணம். குறைந்தது ஆறு வாரம் முன்பே நிறுத்துங்கள், பிறகு தொடவே வேண்டாம். பாக்கும் வாய்ப்புற்றுக்குக் காரணமாவதால் அதையும் சேர்த்து விடுவது நல்லது. தனியாக விட முடியவில்லை என்றால் 1800-11-2356 என்ற இலவச எண்ணில் உதவி கிடைக்கும்.

மாமியார் வீட்டில் பித்தப்பைக் கல் என்று சொல்லிவிட்டுச் செய்துகொள்ளலாமா? இன்னொன்று, இதுவரை யாரிடமும் சொல்லாதது: எல்லோரும் தூங்கிய பிறகு சமையலறையில் நின்றபடியே நிறையச் சாப்பிடுகிறேன். டாக்டரிடம் சொன்னால் அறுவையை மறுத்துவிடுவார்களா? (33, கும்பகோணம்)

யாரிடமும் சொல்லாததை எழுதியிருக்கிறீர்கள், சகோதரி. அதற்கே தைரியம் வேண்டும். இதற்காக உங்களை யாரும் விரட்டமாட்டார்கள். சில வாரம் தள்ளிப்போடச் சொல்லலாம். அது உங்கள் நன்மைக்கே. ஸ்லீவ் அறுவையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் நீக்குகிறோம். ஆனால் மனம் நொந்த நேரத்தில் கை தானாக டப்பாவைத் தேடும் பழக்கத்தை எந்தக் கத்தியும் தொடுவதில்லை. அதைக் கவனிக்காமல் விட்டால் ஐஸ்கிரீம், அசோகா போல வழுக்கிக்கொண்டு இறங்கும் இனிப்புகளின் பக்கம் அது திரும்பும். சிலருக்கு மதுவின் பக்கம். மனநல மருத்துவரைப் பார்ப்பதைத் தேர்வு எழுதுவதாக நினைக்காதீர்கள். இரண்டு வாரம், இரவில் சாப்பிட்ட நேரத்தையும் அதற்கு முன் அன்று என்ன நடந்தது என்பதையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள். இரவில் பேச ஆள் வேண்டுமென்றால், 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். பக்கத்து வீட்டுக்கும் சொந்தபந்தத்துக்கும் நீங்கள் எதையும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் உங்களோடு ஒரே சமையலறையில் புழங்குபவர்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டும். முதல் வாரங்களில் ஒரு டம்ளர் மோரை அரைமணி நேரம் உறிஞ்சுவீர்கள். அதைப் பார்த்துவிட்டு, அன்பினாலேயே இன்னொரு கரண்டி சோறு போடுவார்கள். அதைவிடப் பெரிய கவலை எனக்கு வேறு. நாடி வேகமாகத் துடித்து, காய்ச்சலோ வயிற்றுவலியோ தோள்பட்டை வலியோ வந்தால் தையலில் கசிவு இருக்கலாம். உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். விவரம் தெரியாதவர்கள் வாய்வு என்று நினைத்துக் கஷாயம் போட்டுக் கொடுத்தால் அந்த மணிநேரங்கள் போய்விடும். கணவரிடம் முதலில் சொல்லுங்கள். அடுத்த ஆலோசனைக்கு மாமியாரையும் அழைத்துவந்து, விளக்கும் பொறுப்பை டாக்டரிடம் விடுங்கள். மருமகள் சொன்னால் ஏற்காததை வெள்ளைக் கோட்டு போட்டவர் சொன்னால் ஏற்கும் மாமியார்கள் நம் ஊரில் நிறைய உண்டு.

பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) இருக்கிறது, குழந்தை இல்லை. எடை குறைந்ததும் உடனே கரு தரிக்கலாமா? (29, மயிலாடுதுறை)

எடை இறங்கும்போது கருமுட்டை வெளியேறுவது பலருக்குச் சில மாதங்களிலேயே சீராகும். ஆனால் உடல் வேகமாக இளைக்கும் காலம் கருவுக்கு ஏற்றதல்ல. 12 முதல் 18 மாதம் காத்திருக்கச் சொல்கிறோம். பைபாஸுக்குப் பிறகு கருத்தடை மாத்திரை சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம் என்பதால் வேறு முறையை இப்போதே பேசி வையுங்கள். இரும்புச்சத்து, பி12, டி வைட்டமின் அளவுகளை முன்கூட்டியே பார்த்துச் சரிசெய்யுங்கள். "விசேஷம் உண்டா?" என்று கேட்பவர்களுக்கு என்ன சொல்வது என்பதை நீங்களும் கணவரும் சேர்ந்து முடிவு செய்துகொள்ளுங்கள். அந்த ஒன்றரை ஆண்டும் அந்தக் கேள்வி உங்களை மட்டும் குத்தக் கூடாது.

சம்பா அறுவடை முடிந்து தை மாதத்தில் வைத்துக்கொள்ளலாமா? மூட்டு வலிக்குக் கடையில் மாத்திரை வாங்கிப் போடுகிறேன். (திருத்துறைப்பூண்டி)

நல்ல யோசனை. நான்கு முதல் ஆறு வாரம் நெல் மூட்டை தூக்கக் கூடாது. வேலை ஓய்ந்த காலமே சரி. டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் பைபாஸுக்குப் பிறகு இரைப்பையைப் புண்ணாக்கும். எந்த மாத்திரை என்று அட்டையோடு டாக்டரிடம் காட்டுங்கள். தூக்கத்தில் குறட்டையும் மூச்சுத்திணறலும் இருந்தால் மயக்க மருந்து டாக்டருக்குத் தெரியவேண்டும். அதுவரை தினமும் மாலையில் வரப்பிலோ வாய்க்கால் கரையிலோ நடங்கள். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்காமல், அரைமணி நேரம் கழித்துக் குடிக்கப் பழகுங்கள்.