நிழலும் கிரகணமும்: டெல்டா வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

மன்னார்குடி: ஐயா, சித்திரையில் பூமி சூரியனுக்குப் பக்கத்தில் போவதால்தானே வெயில் இப்படிக் கொளுத்துகிறது?

இல்லை. பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி முதல் வாரத்தில், நாம் மார்கழிப் பனிக்குப் போர்த்திக்கொள்ளும் நாட்களில். அப்போது தூரம் சுமார் 14.7 கோடி கிலோமீட்டர். ஜூலைத் தொடக்கத்தில் 15.2 கோடி. பருவங்களுக்குக் காரணம் பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருப்பதுதான். சாய்வு மாறாமல் சூரியனைச் சுற்றுவதால் ஜூனில் வடபாதிக்கு வெயில் நிமிர்ந்து விழுகிறது, டிசம்பரில் தென்பாதிக்கு. நாம் நிலநடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 11 பாகைதான் வடக்கே இருக்கிறோம். அதனால் நமக்கு நீண்ட பகல் பன்னிரண்டே முக்கால் மணி, குறுகிய பகல் பதினொன்றரை மணி. தில்லியில் அந்த வித்தியாசமே மூன்றரை மணி நேரத்துக்கு மேல்.

பாபநாசம்: பூமி தன்னைச் சுற்ற 24 மணி நேரம் சரிதானே?

ஒரு முழுச் சுற்றுக்கு 23 மணி 56 நிமிடம். அதற்குள் பூமி தன் பாதையில் கொஞ்சம் நகர்ந்துவிடுவதால், சூரியனை மறுபடி உச்சியில் பார்க்க இன்னும் நான்கு நிமிடம் திரும்ப வேண்டியிருக்கிறது.

தஞ்சாவூர்: உச்சிவேளையில் நிழலே விழாத நாள் உண்டு என்கிறார்களே, நம் ஊரில் எப்போது சார்?

வருடத்தில் இரண்டு முறை: ஏப்ரல் 18, ஆகஸ்ட் 24 ஆகிய நாட்களை ஒட்டி. இதை எல்லாரும் செய்து பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. களத்திலோ மொட்டை மாடியிலோ ஒரு கம்பை நட்டு, கொத்தனாரின் தூக்குக்குண்டை வைத்து நேராக நிறுத்துங்கள். கடிகாரத்தில் 12 ஆனதும் பார்த்துவிட்டு, நிழல் இருக்கிறதே என்று போய்விடாதீர்கள். இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது, தஞ்சை 79.1-இல் இருக்கிறது. அதனால் நமக்கு உச்சி ஏப்ரலில் சுமார் 12.13-க்கும் ஆகஸ்டில் 12.16-க்கும் வரும். நாகப்பட்டினத்தில் மூன்று நிமிடம் முன்னதாக. இந்த இரண்டு நாட்களுக்கும் இடையில் நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும், நிழல் தெற்கே விழும். கம்பை விட்டுவிட்டுச் சூரியனை அண்ணாந்து பார்க்க வேண்டாம்.

திருவாரூர்: கோடையில் சூரியன் கிட்டே வருவதால்தான் என்று படித்தேனே?

மன்னார்குடிக்காரருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

சீர்காழி: ஒவ்வொரு பௌர்ணமியும் சந்திர கிரகணம் ஏன் வருவதில்லை?

நிலவின் பாதை பூமியின் பாதைக்குச் சுமார் 5 பாகை சாய்வு. பெரும்பாலான பௌர்ணமிகளில் நிலவு நம் நிழலுக்கு மேலேயோ கீழேயோ போய்விடும். இரண்டு பாதைகளும் வெட்டும் இடங்களைத்தான் பஞ்சாங்கம் ராகு, கேது என்கிறது. அவற்றின் அருகே பௌர்ணமி வந்தால் சந்திர கிரகணம், அமாவாசை வந்தால் சூரிய கிரகணம்.

கும்பகோணம்: தை ஒன்றாம் தேதிதான் உத்தராயணம். சூரியன் டிசம்பரிலேயே திரும்பிவிடுகிறது என்று முன்பு எழுதியிருந்தீர்கள். பெரியவர்கள் தப்பாகவா எழுதிவைத்தார்கள்?

அவர்கள் எழுதியது அவர்கள் காலத்துக்குச் சரி. சூரிய உதயம் தெற்கே போய்த் திரும்புவது இன்று டிசம்பர் 21 அல்லது 22-இல். தை மாதப் பிறப்பு ஜனவரி 14 அல்லது 15. சுற்றும் பம்பரம் தலையை அசைப்பது போலப் பூமியின் அச்சும் சுமார் 26,000 ஆண்டுக்கு ஒரு முறை வட்டமடிக்கிறது. நம் மாதங்கள் நட்சத்திரங்களை வைத்துக் கணக்கிடப்பட்டவை, பருவங்கள் அச்சின் சாய்வைப் பின்பற்றுகின்றன. இரண்டுக்கும் 60, 70 ஆண்டுக்கு ஒரு நாள் என்று இடைவெளி கூடுகிறது. 1,500 ஆண்டுகளுக்கு முன்னால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன.

மயிலாடுதுறை: அப்படியானால் வாக்கியப் பஞ்சாங்கம் பொய் என்கிறீர்களா?

அப்படிச் சொல்லவே இல்லை. வாக்கியம் என்பது மனப்பாடமான பழைய வாக்கியங்களைக் கொண்டு கணிப்பது, திருக்கணிதம் என்பது வானத்தை நேரில் பார்த்துத் திருத்திக் கணிப்பது. திருக்கணிதத்திலும் பொங்கல் அதே ஜனவரியில்தான் வருகிறது, ஆகவே இது வாக்கியமா திருக்கணிதமா என்ற சண்டையே அல்ல. வாக்கியத்தின் அருமை எனக்குத் தெரியும். 1825-இல் ஜான் வாரன் என்ற அதிகாரி எழுதிவைத்த ஒரு சம்பவம் இருக்கிறது: புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர், தரையில் சோழிகளை வைத்து, மனப்பாடமான வாக்கியங்களை மட்டும் கொண்டு அவ்வருடச் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்கம் நான்கு நிமிடம்தான் பிசகியது. முடிவு முக்கால் மணிக்கு மேல் பிசகியது. அந்த நினைவாற்றலை வணங்குகிறேன். பழைய வாக்கியங்களை வானத்தோடு ஒப்பிட்டு அவ்வப்போது திருத்த வேண்டும் என்பதற்கும் அதே கணக்குத்தான் சான்று.

கும்பகோணம்: எங்கள் நாகேஸ்வரன் கோயிலில் சித்திரை 11, 12, 13-இல் சூரிய ஒளி லிங்கத்தின் மேல் விழுகிறதே, தேதி மாறவில்லையே?

நல்ல கேள்வி. அந்தக் கோயில் முற்காலச் சோழர் கட்டடம், ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஆகிறது. அந்நாளில் சித்திரை 11 பருவக் கணக்கில் பதினைந்து நாளுக்கு மேல் முன்னதாக வந்திருக்கும். சூரியனும் இன்றைக்கு உதிக்கும் இடத்திலிருந்து ஐந்து பாகை போலத் தெற்கே உதித்திருக்கும். வாசல் எவ்வளவு அகலம், ஒளி எத்தனை நாள் உள்ளே வருகிறது என்று யாராவது தினம் குறித்துவைத்தால் பெரிய உதவி. ஆகஸ்ட் 18, 19 வாக்கில் சூரியன் மறுபடி அதே இடத்தில் உதிக்கும். வானம் தெளிவாக இருந்தால் அப்போதும் போய்ப் பாருங்கள்.

மயிலாடுதுறை: பஞ்சாங்கத்தைத் திருத்த நாம் யார்?

திருத்தியவர்களும் நம்மவர்களே. 19-ஆம் நூற்றாண்டில் சென்னை வானாய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, நேரில் பார்த்த கணக்கை வைத்துத் திருக்கணிதப் பஞ்சாங்கம் வெளியிட்டவர். இந்த விவாதத்தை இத்துடன் விடுவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

வேதாரண்யம்: கிரகணத்தின்போது உலக்கை தட்டில் செங்குத்தாக நிற்பது எப்படி?

மற்ற நாளிலும் நிற்கும். அடி தட்டையாக இருந்து, பொறுமையாக நிறுத்தினால் போதும். நாளைக்கே செய்து பாருங்கள்.

திருவையாறு: உலக்கை நிற்பது ஈர்ப்பு விசையாலா?

மேலே சொல்லியாகிவிட்டது.

ஒரத்தநாடு: சூரிய கிரகணத்தை எக்ஸ்ரே பிலிம் வைத்தோ சாணித் தண்ணீரிலோ பார்க்கலாமா?

கூடாது. கரி பூசிய கண்ணாடியும் கூடாது. 2019 டிசம்பர் 26 அன்று திருச்சி, புதுக்கோட்டைப் பக்கம் சூரியன் வளையமாகத் தெரிந்தது. நிலவு தூரத்தில் இருந்ததால் சூரியனை முழுதும் மறைக்கவில்லை. அந்த மெல்லிய வளையமே கண்ணின் விழித்திரையைச் சுடப் போதும், சுடும்போது வலியும் தெரியாது. கிரகணத்துக்கென்றே விற்கும் சூரியக் கண்ணாடி அணியுங்கள். இல்லையென்றால் அட்டையில் ஊசித் துளையிட்டு, விழும் பிம்பத்தைத் தரையில் பாருங்கள். சந்திர கிரகணத்துக்கு இந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. 2025 செப்டம்பர் 7 இரவு 11 மணியிலிருந்து 82 நிமிடம் நிலவு முழுதும் நம் நிழலுக்குள் கிடந்ததை வெறுங்கண்ணால் பார்க்க முடிந்தது.

நீடாமங்கலம்: ஐப்பசியில் அடைமழை இருக்குமா? சம்பா நாற்று விட்டிருக்கிறோம்.

சூரியன் தெற்கே நகர்வதால் காற்றின் திசை மாறி வடகிழக்குப் பருவமழை வருகிறது என்பது வரைக்கும் என்னால் சொல்ல முடியும். இந்த ஆண்டு எவ்வளவு பெய்யும் என்பதை வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பில் பாருங்கள்.