டி1-ல் யானையைக் காணோம்

கேள்வி: ஐயா, பாம்பன் தெற்குவாடியில் சாயங்கால வேளையில் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லித் தருகிறேன். பழைய ஆட்டங்களை எங்கள் இணையப் பக்கத்தில் ஏற்றுகிறேன். கணினியில் ஒழுங்காக இருப்பது, பிள்ளைகளின் போனில் எண் ஒரு வரி, நகர்த்தல் அடுத்த வரி என்று சிதறிக் கிடக்கிறது. என்ன செய்யலாம்? காய்களுக்குத் தமிழ் எழுத்துப் போடலாமா?
– ஒரு வாசகர், பாம்பன்

பதில்: தம்பி, இந்தப் பாவத்தை நானும் செய்தவன்தான். ராமநாதபுரத்தில் டிடிபி கடை வைத்திருந்தபோது, ஒரு போட்டி மலருக்கு அமெரிக்கச் செஸ் வீரர் மார்ஃபியின் ஓபரா ஆட்டத்தை அடித்துக் கொடுத்தேன். 1858-ல் பாரிஸில் ஆடியது, 17-வது நகர்த்தலில் மேட். 12-வதில் மார்ஃபி ராணிப் பக்கம் கேஸ்லிங் செய்வார், அதாவது ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றுவார்; யானை டி1-க்கு வரும். அதற்குக் குறி 0-0-0; ராஜா பக்கம் என்றால் 0-0 மட்டும். எனக்கு வாய்த்த பத்தியோ குறுகல். 0-0- வரியின் கடைசியில் நின்றுவிட்டது, மிச்ச சைபர் அடுத்த வரிக்குப் போய்விட்டது. நான் கவனிக்கவில்லை.

கீழக்கரைப் பையன் ஒருவன் போர்டும் மலருமாகக் கடைக்கே வந்துவிட்டான். "சார், 13-ல யானை டி7-ஐ வெட்டணும்னு போட்டிருக்கு. டி1-ல யானையே இல்லையே?" ராஜா பக்கம் கேஸ்லிங் செய்து வைத்திருந்தான், பாவம். அவன்மேல் என்ன தப்பு?

செஸ் ஆட்டம் படிப்பவரின் கண் தாளிலேயே இருக்காது. ஒரு நகர்த்தலைப் பார்க்கும், போர்டுக்குப் போகும், காயை வைத்துவிட்டுத் திரும்பும். விட்ட இடம் சட்டென்று அகப்பட வேண்டும். அதனால் எண்ணையும் வெள்ளையின் நகர்த்தலையும் பிரிய விடாதீர்கள். நடுவில் சாதாரண இடைவெளிக்குப் பதில்   என்ற இணையக் குறியீட்டைப் போடுங்கள்; அந்த இடத்தில் வரி உடையாது. வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவே உடைந்தால் பாதகமில்லை. கேஸ்லிங் சைபர்களுக்கு நடுவே வரும் கோட்டுக்கு ‑ போட்டால், என் கடைக்கு வந்த வழக்கு உங்களுக்கு வராது.

இன்னொன்று. ஃபிடே, அதாவது உலகச் செஸ் கூட்டமைப்பின் விதியில் கேஸ்லிங் என்றால் சைபர். செஸ் மென்பொருள்கள் ஆட்டங்களைச் சேமிக்கும் பிஜிஎன் கோப்பில் அது ஆங்கிலப் பெரிய எழுத்து ஓ. கோப்பை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் காட்டும்போது மட்டும் மாற்றுங்கள். கோப்பில் கை வைத்தால் மென்பொருள் முரண்டு பிடிக்கலாம்.

காய்களுக்குத் தமிழ் எழுத்து வைக்க விதி இடம் தருகிறது; அவரவர் நாட்டில் வழங்கும் பெயரைச் சுருக்கி எழுதலாம். ஆனால் ராஜாவுக்கும் 'ரா', ராணிக்கும் 'ரா'! ஆங்கிலத்திலும் கிங், நைட் இரண்டுக்கும் கே வந்து இடித்ததால்தான் குதிரைக்கு 'என்' எழுத்தைக் கொடுத்தார்கள். இந்த வம்பே வேண்டாம், காயின் உருவத்தையே போடுங்கள். அச்சிதழ்களுக்கு அதைத்தான் ஃபிடே விதியும் பரிந்துரைக்கிறது. யூனிகோடில் வெள்ளைக் காய்கள் 9812 முதல், கறுப்பு 9818 முதல்; கறுப்புக் குதிரை ♞ என்று வரும். அச்சில் பெரும்பாலும் இரு தரப்புக்கும் வெள்ளை உருவமே வைப்பார்கள். நான் கறுப்பையே சொல்வேன். படகடி வெயிலில் போனைப் பிடித்துப் பாருங்கள், வெறும் கோட்டு உருவம் கண்ணுக்கே தெரியாது. 9823, அதாவது கறுப்புச் சிப்பாய், சில போன்களில் இமோஜியாக மாறித் தொலைக்கும். நல்லவேளை, சிப்பாய் நகர்த்தலுக்கு உருவமே தேவையில்லை. கட்டத்தின் பெயரை மட்டும் மாற்றாதீர்கள். ஏ முதல் ஹெச் வரை ஆங்கிலச் சிற்றெழுத்தாகவே இருக்கட்டும். பிள்ளைகள் நாளைக்குப் போட்டித் தாளில் அப்படித்தான் எழுதப்போகிறார்கள்.

அப்புறம், ஆடிய நகர்த்தல்கள் தடித்த எழுத்தில், "இப்படி ஆடியிருந்தால்" என்கிற கிளைகள் சாதா எழுத்தில். அடைப்புக்குள் அடைப்பு வேண்டாம். 16-வதில் மார்ஃபி ராணியைக் கொடுப்பதற்கு முன் ஒரு படம் போடுங்கள், போதும்.

எல்லாம் முடிந்ததும், தெற்குவாடிப் பிள்ளைகளில் திரை கீறிய சின்னப் போன் யாரிடம் இருக்கிறதோ, அவனைக் கூப்பிட்டு 12-வது நகர்த்தல் வரை வைக்கச் சொல்லுங்கள். யானை டி1-ல் வந்து நின்றால் சரி.