21 வருஷம் காத்திருந்து கிடைச்ச எல்க் டேக், கைடுக்கு 9,500 டாலர் குடுக்கலாமா?

கேள்வி: வணக்கம் சார். டல்லாஸ் பக்கம் ஃப்ரிஸ்கோல இருக்கேன், வயசு 48, ஐடி வேலை. டெக்சாஸ் வந்த புதுசுல ஆபீஸ் ஆளுங்களோட மான் வேட்டைக்குப் போய்ப் பழகினது, அப்புறம் அரிசோனா எல்க் டேக்குக்கு (எல்க்னா பெரிய மான் வகை, டேக்னா அதுல ஒன்னு அடிக்க அரசு குலுக்கல்ல குடுக்கற அனுமதி) 21 வருஷமா விடாம அப்ளை பண்ணி, குலுக்கல்ல வாய்ப்பைக் கூட்டுற போனஸ் பாயிண்ட் சேத்தேன், இந்த மார்ச்ல யூனிட் 9ங்கற வேட்டைப் பகுதிக்கு எர்லி ரைஃபிள் (முதல் துப்பாக்கி சீசன்) ஆண் எல்க் டேக் விழுந்துடுச்சு! டேக் காசு 650 டாலர் கார்டுல போயாச்சு. இப்ப ஒரு அவுட்ஃபிட்டர் (கைடு, கேம்ப்னு வேட்டைக்கு ஏற்பாடு பண்றவர்) 7 நாள் ஃபுல் கைடட், சாப்பாடு தங்குறது எல்லாம் சேத்து 9,500 கேக்குறார், பாதி இப்பவே கட்டணுமாம். எமர்ஜென்சி ஃபண்ட் 22,000 இருக்கு, மாசச் செலவு 6,800, மாசம் 1,300 மிஞ்சும், செக்கிங்ல 1,500 தனியா இருக்கு. டிசம்பர்ல அக்கா பையன் கல்யாணத்துக்கு ஊருக்குப் போக 6,000 எடுத்து வச்சிருக்கோம். 15 மாசம் 0% வட்டி கார்டு ஒன்னு ஆஃபர் வந்திருக்கு, இல்லன்னா ரிட்டயர்மென்ட் சேமிப்புலேருந்து 401கே லோன் போடலாம்னு நினைக்கிறேன். எல்க் இதுவரைக்கும் அடிச்சதில்ல. லீவு 8 நாள்தான் பாக்கி. மனைவி "கடன் வாங்கி வேட்டைக்குப் போறது என்ன கணக்கு"ன்னு கேக்குறாங்க. 21 வருஷத்தை வீணாக்கிடுவேனோன்னு பயமா இருக்கு. என்ன பண்ணலாம்?

பதில்: முதல்ல வாழ்த்துக்கள், மனசார சொல்றேன். அரிசோனால வெளிமாநில ஆளுங்களுக்கு அதிகபட்சம் 10 சதவீதம் டேக்தான், அதுலயும் யூனிட் 9 மாதிரி இடத்துல செப்டம்பர் கடைசில ஆண் எல்க் கத்திக்கிட்டு திரியுற நேரத்துல ரைஃபிளோட உள்ள போறதுக்கான டேக்னா பல பேர் ரிட்டயர் ஆகுற வரைக்கும் காத்திருந்தும் கிடைக்காத ஒன்னு. இது உங்களுக்கு எவ்ளோ பெரிய விஷயம்னு புரியாம யாராவது "வெட்டிச் செலவு"ன்னு சொன்னா அதைக் காதுல வாங்காதீங்க. ஆனா உங்க மனைவி கேட்ட கேள்வி அந்த ரகம் இல்ல, அவங்க வேட்டைய கேக்கல, கடனைக் கேக்குறாங்க, அதுல நான் முழுக்க அவங்க பக்கம்.

உங்க பயத்துல ரெண்டு விஷயம் கலந்து கிடக்கு, அதை மொதல்ல பிரிச்சுடுவோம். ஒன்னு, 21 வருஷமா கட்டின காசு. வெளிமாநில ஆளு அப்ளை பண்ணணும்னாலே லைசன்ஸ் வாங்கியாகணும், இப்ப அது 160, அப்ளிகேஷன் 15, பழைய வருஷங்கள்ல கொஞ்சம் கம்மியா இருந்திருந்தாலும் கூட்டிப் பாத்தா 3,000 டாலர் கிட்ட வந்திருக்கும். அது போட்டாச்சு, போயாச்சு. அதைக் காப்பாத்துறதுக்காக இன்னொரு 9,500 போடணும்னு எந்தக் கணக்கும் சொல்லாது, எல்க் கிடைச்சாலும் கிடைக்காட்டியும் அந்த 3,000 திரும்பி வரப்போறதில்ல.

ரெண்டாவது விஷயம் நிஜம். டேக் விழுந்த உடனே உங்க பாயிண்ட் ஜீரோ ஆயிடும், வேட்டைப் பயிற்சி வகுப்பு முடிச்சதுக்கான ஹன்டர் எஜுகேஷன் பாயிண்ட்டும், வருஷா வருஷம் விடாம அப்ளை பண்ணினதுக்கான லாயல்டி பாயிண்ட்டும் மட்டும் நிக்கும். மறுபடி இதே டேக்குக்கு இதே அளவு வரிசைல நின்னா உங்களுக்கு 70 வயசு கிட்ட ஆயிடும், முட்டி எப்படி இருக்கும்னு யாருக்குத் தெரியும். அதனால அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு விடக்கூடிய சாதாரண வேட்டைக்குக் குடுக்கறத விட இதுக்குக் கொஞ்சம் அதிகமா குடுக்கறதுல தப்பே இல்ல, இதை நான் ஒத்துக்கறேன். கேள்வி எவ்ளோ அதிகம்ங்கறதுதான்.

அதுக்கு முன்னாடி, உங்க டேக் எந்த வகைன்னு தெரிஞ்சுக்கங்க, ஏன்னா நெட்ல படிக்கிற பாதி அட்வைஸ் வேற மாநிலத்துக்கு எழுதினது. நியூ மெக்சிகோல பாயிண்ட்டே கிடையாது, குலுக்கல்ல 84 சதவீதம் உள்ளூர்க்காரங்களுக்கு, 10 சதவீதம் அவுட்ஃபிட்டரோட முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டவங்களுக்கு, 6 சதவீதம்தான் ஒப்பந்தம் இல்லாத வெளிமாநிலத்தவங்களுக்கு, அதனால அங்க கைடு காசுங்கறது பாதி டேக் வாய்ப்புக்கே குடுக்கற காசு. வயோமிங்ல மத்திய அரசு வில்டர்னஸ்னு அறிவிச்ச காட்டுக்குள்ள வெளிமாநில ஆளு பெரிய விலங்கு வேட்டையாடணும்னா கூடவே லைசன்ஸ் உள்ள கைடோ, அதுக்குன்னு இலவச அனுமதி வாங்கின உள்ளூர் ஆளோ இருந்தே ஆகணும், சட்டமே அப்படி. அங்கெல்லாம் எல்க் விழுந்த இடத்துலேருந்து ரோட்டுக்குக் கறியக் கொண்டு வர குதிரை, கோவேறு கழுதை இல்லாம கதை நடக்காது.

யூனிட் 9 அப்படி இல்ல. கிராண்ட் கேன்யனுக்குத் தெக்கால, டுசாயன் சுத்தி இருக்கற கைபாப் தேசிய வனம், சுமார் 6,500 அடி உயரம் இருந்தாலும் பெரும்பாலும் சமதரை மாதிரிதான், பின்யன், ஜூனிபர், பாண்டரோசா மரங்க, நடுவுல நிறைய மண் ரோடு. கைடு சட்டப்படி தேவையில்ல, குதிரையும் தேவையில்ல, காட்டுல கூடாரம் போட்டுத் தங்க வனத்துறை காசு கேக்காது. அப்ப அந்த 9,500ல நீங்க உண்மைல எதை வாங்குறீங்க? சீசனுக்கு முன்னாடி வாரக்கணக்குல காட்டுல சுத்தி எந்த தண்ணித் தொட்டில எந்தக் கூட்டம் வருது, பெரிய கொம்பு எங்க நிக்குதுன்னு பாத்து வச்ச கண்ணு. 2022 ஜனவரிலேருந்து அரிசோனால வேட்டைக்கு டிரெய்ல் கேமரா (விலங்கு வந்தா தானா படம் எடுக்கறது) வைக்கவே கூடாதுன்னு ஆயிடுச்சு, அதுக்கப்புறம் ஆளே நேர்ல போய் பாத்தாதான் தகவல், அதனால அந்த உழைப்புக்கு விலை ஏறினது நியாயம். உங்க கிட்ட இல்லாதது அதுதான், ஃப்ரிஸ்கோலேருந்து 1,000 மைலுக்கு மேல, லீவு 8 நாள், முன்னாடி எல்க் அனுபவம் கிடையாது. மீதி சமையல், கூடாரம், வண்டி எல்லாம் நீங்களே பாத்துக்கக் கூடியது, அதுக்கும் சேத்துதான் இப்ப அவர் விலை போட்டிருக்கார்.

இப்ப காசு. 9,500ங்கறது முழுச் செலவு இல்ல. கைடுக்கு டிப்ஸ் 10லேருந்து 15 சதவீதம் குடுக்கறது அங்க வழக்கம், அதை 1,200ன்னு வைங்க. பெட்ரோல், வழில மோட்டல், சாப்பாடு ஒரு 800. கறி வெட்டி பேக் பண்ண 500 கிட்ட. ஐஸ், கூலர் 200, செப்டம்பர் அரிசோனா வெயில்ல ஐஸ் இல்லன்னா கறி ஒரே நாள்ல கெட்டுடும், இதுல மிச்சம் பிடிக்காதீங்க. ஆக 12,200. தலைய பாடம் பண்ணி சுவத்துல மாட்டணும்னா இன்னும் ஒரு 1,500ம் அதுக்கு மேலயும் ஆகும், ஆனா அதை அடுத்த வருஷம் காசு சேத்துக்கூட முடிச்சு வாங்கலாம், அவசரமே இல்ல. கறி கிடைக்குதேன்னு கணக்குப் போட்டு மனசைத் தேத்திக்காதீங்க, பெரிய ஆண் எல்க்ல எலும்பு எடுத்து 200 பவுண்டு கறி வந்தாலும் பவுண்டு 60 டாலர் ஆகுது.

உங்க கைல ஏப்ரல்லேருந்து செப்டம்பர் வரைக்கும் 6 மாசம், மாசம் 1,300ன்னா 7,800, செக்கிங்ல இருக்கற 1,500 சேத்தா 9,300. அவ்ளோதான் உங்க வேட்டைப் பணம். 2,900 துண்டு விழுது, அதை எங்கேருந்து எடுக்கறதுன்னுதான் நீங்க கார்டு, 401கேன்னு தேடிக்கிட்டு இருக்கீங்க.

எமர்ஜென்சி ஃபண்டைத் தொடாதீங்க. 22,000ங்கறது உங்க செலவுக்கு 3 மாசத்துக்குக் கொஞ்சம் மேல, ஐடில 48 வயசுல வேலை போனா 3 மாசத்துல அடுத்தது கிடைக்குமான்னு உங்களுக்கே தெரியும், அது ஏற்கனவே கம்மி. 401கே லோன் அதை விட மோசம், வேலைல இருக்கற வரைக்கும் சம்பளத்துல பிடிப்பாங்க, வேலை போச்சுன்னா மிச்சத்தை அடுத்த வருஷ டாக்ஸ் ஃபைலிங் கெடுவுக்குள்ள திருப்பி வைக்கணும், இல்லன்னா அது வருமானமா மாறி டாக்ஸும், வயசைப் பொறுத்து 10 சதவீதம் அபராதமும் வரும், அதாவது காசு ரொம்பத் தேவைப்படுற நேரம் பாத்து கழுத்தைப் பிடிக்கும். 0% கார்டு மூணுல கொஞ்சம் பரவால்ல, ஆனா 15 மாசம் முடிஞ்ச அன்னிக்கு மிச்சம் இருந்தா வட்டி 20 சதவீதத்துக்கு மேல போகும், நடுவுல டிசம்பர்ல ஊருக்குப் போறீங்க, கல்யாணம்னா எடுத்து வச்ச 6,000ல யாருக்காவது நின்னிருக்கா? அந்தக் கல்யாணப் பணத்தையும் தொடக்கூடாது, அது உங்க ஒருத்தர் பணம் இல்ல, குடும்பத்துக்கு வாக்கு குடுத்த பணம்.

சரி, 9,300ல பயணம், கறி, ஐஸ் 1,500 கழிச்சா 7,800. வண்டி ரிப்பேர், இன்னொரு ராத்திரி மோட்டல்னு எதிர்பாராததுக்கு 1,000 ஒதுக்குங்க. மீதி 6,800, அதுல டிப்ஸ் 800 போனா கைடுக்கு 6,000. இதுதான் உங்க உச்சவரம்பு, 6,000க்கு மேல ஒரு டாலர் கூட வேணாம். 6,000க்குள்ள வந்தா தயங்காம குடுங்க, நானே சொல்றேன் குடுங்க, உங்க நிலைமைல கைடு இருக்கறது நல்ல செலவுதான்.

9,500 எப்படி 6,000க்குள்ள வரும்னு கேப்பீங்க. சீசன் 7 நாள், அவர் விலைய நாளுக்குப் பிரிச்சா 1,350 சொச்சம், அதுல தங்குறதும் சாப்பாடும் அடக்கம். அவர் கிட்ட நேரா பேசுங்க: முதல் 4 நாள் மட்டும் கூட வாங்க, நான் என் கூடாரத்துல தங்கி என் சாப்பாட்டைப் பாத்துக்கறேன், மீதி 3 நாள் நீங்க பாத்து வச்ச இடங்கள்ல நானே தனியா போறேன், என்ன விலைன்னு. நிறைய பேர் முழு பேக்கேஜ் தவிர வேற பேச மாட்டாங்க, சில பேர் பேசுவாங்க, யூனிட் 9ல வேலை செய்யற ஒரு நாலஞ்சு பேர் கிட்டயாவது கேளுங்க. பாதி அட்வான்ஸ் இப்பவே குடுக்க உங்க கிட்ட இல்ல, அதையும் மறைக்காம சொல்லி இப்ப 1,500, ஜூன்ல ஒரு தவணை, ஆகஸ்ட்ல ஒன்னு, மீதி கேம்ப்லன்னு கேளுங்க.

பணம் கட்டுறதுக்கு முன்னாடி சில விஷயம் பாத்தே ஆகணும். அரிசோனால காசு வாங்கி கைடு வேலை பாக்கற ஒவ்வொருத்தருக்கும் மாநில வனவிலங்குத் துறையான கேம் அண்ட் ஃபிஷ் துறை குடுத்த கைடு லைசன்ஸ் வேணும், தேசிய வனத்துல தொழில் பண்ண வனத்துறை பெர்மிட் தனியா வேணும், ரெண்டையும் காட்டச் சொல்லுங்க, கைபாப் வனத்துக்கு உள்ள பெர்மிட்டான்னு பாருங்க. போன்ல பேசுற முதலாளியே கூட வருவாரா, இல்ல சீசனுக்குன்னு கூப்பிட்ட வேற பையன் வருவானா, வர்ற ஆளு பேரு கான்ட்ராக்ட்ல இருக்கணும். அதே சீசன்ல அவருக்கு எத்தனை கஸ்டமர், பெரிய கொம்பு யாருக்குன்னு எப்படி முடிவு பண்ணுவார்னு கூச்சப்படாம கேளுங்க. எல்க் கிடைச்சா தனியா ஒரு தொகை கேக்குறவங்க இருக்காங்க, அது எழுத்துல இருக்கான்னு பாருங்க. எல்க் அடிச்சுட்டு சந்தோஷமா போன கஸ்டமர் நம்பரை எல்லாரும் குடுப்பாங்க, வெறும் கையோட திரும்பினவங்க நம்பரைக் கேளுங்க, அவங்க சொல்றதுதான் அந்த ஆளோட உழைப்பு. "நிச்சயம் கிடைக்கும்"னு எவராவது கேரண்டி குடுத்தா அங்கயே போனை வச்சிடுங்க, வேலி இல்லாத பொதுக் காட்டுல அப்படி யாராலயும் சொல்ல முடியாது. அட்வான்ஸை கிரெடிட் கார்டுல குடுத்து அந்த மாசமே அடைச்சிடுங்க, ஸெல் (Zelle) ஆப்லயோ பேங்க் வயர்லயோ அனுப்பினா பிரச்சனைன்னு வந்தா திரும்ப வாங்குறது ரொம்ப கஷ்டம், கார்டுன்னா டிஸ்ப்யூட் போட ஒரு வழியாவது இருக்கு.

இன்னொரு முக்கியமான விஷயம், அப்ளை பண்ணும்போது 5 டாலர் கட்டி பாயிண்ட்கார்ட் எடுத்தீங்களான்னு உங்க கேம் அண்ட் ஃபிஷ் கணக்குல போய்ப் பாருங்க. எடுத்திருந்தா, சீசன் தொடங்குறதுக்கு முன்னாடி டேக்கை சரண்டர் பண்ணினா பழைய பாயிண்ட் எல்லாம் திரும்பி வந்துடும், டேக் காசு வராது, அது பெரிசில்ல. ஆகஸ்ட்ல லே ஆஃப் ஆச்சு, இல்ல உடம்பு சரியில்லன்னா உங்க 21 வருஷத்தைக் காப்பாத்துறது அந்த 5 டாலர்தான், 9,500 கைடு இல்ல. அதனால அவுட்ஃபிட்டர் கான்ட்ராக்ட்ல டேக் சரண்டர் பண்ணினா அட்வான்ஸ் என்ன ஆகும், அடுத்த தடவைக்கு மாத்தித் தருவாரான்னு ஒரு வரி எழுதி வாங்குங்க, பொதுவா அட்வான்ஸ் திரும்பாதுன்னுதான் போட்டிருப்பாங்க, கேட்டா கொஞ்சம் இறங்கி வருவாங்க.

6,000க்குள்ள யாருமே வரலன்னா கைடு இல்லாமயே போங்க, அப்ப செலவு 3,000க்குள்ள முடிஞ்சிடும். ஆகஸ்ட்ல ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டு ஃபீனிக்ஸுக்கு ஃப்ளைட், அங்கேருந்து வாடகை வண்டில வடக்க போய் ரெண்டு நாள் காலைலயும் சாயங்காலமும் தண்ணித் தொட்டிகளைப் பாத்துட்டு வாங்க. கேம் அண்ட் ஃபிஷ் துறையோட அந்தப் பகுதி ஆபீஸுக்கு போன் போட்டா யூனிட்டைப் பாத்துக்கற உயிரியலாளர் கிட்டயே பேசலாம், டேக் கைல இருக்கற ஆளுன்னா எந்தப் பக்கம் மழை பேஞ்சிருக்கு, தண்ணி எங்க நிக்குதுன்னு நல்லாவே சொல்லுவாங்க, அதுக்குக் காசு கிடையாது. ஆனா கறி தூக்க கூட ஒரு ஆள் கண்டிப்பா வேணும், அந்தப் பழைய ஆபீஸ் நண்பர்கள்ல ஒருத்தரை இப்பவே பிடிச்சு வைங்க.

இந்த வாரம் போன் பண்ண ஆரம்பிச்சிடுங்க, மார்ச்ல ரிசல்ட் வந்த உடனே எல்லாரும் கைடு தேட ஆரம்பிச்சிருப்பாங்க, நல்ல ஆளுங்க சீக்கிரம் புக் ஆயிடுவாங்க. மே 15 வரைக்கும் தேடுங்க, அதுக்கு மேல பேரம் பேசாம தனியா போற ஏற்பாட்டுக்கு மாறிடுங்க. இன்னிக்கு சாயங்காலம் உங்க மனைவியோட உக்காந்து இந்த 9,300 கணக்கை எழுதிக் காட்டுங்க, எமர்ஜென்சி ஃபண்டும் கல்யாணப் பணமும் அப்படியே இருக்குன்னு அவங்க பாக்கட்டும்.