கடன் வாங்கியவர் மாநிலம் மாறினால் வழக்குக் கெடு நிற்குமா? கேள்வி பதில்

கேள்வி: சார், கலிஃபோர்னியாவில் நண்பருக்கு ஒப்பந்தம் எழுதிப் பணம் கொடுத்தேன். தவணை தவறியதும் டெக்சஸில் குடியேறிவிட்டார். வழக்குப் போடுவதற்கான நான்கு வருடக் கெடு முடியப் போகிறது. அவர் வெளியே இருக்கும் காலம் கணக்கில் சேராது என்கிறார்களே?

பதில்: சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. கலிஃபோர்னியா உரிமையியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 351. ஆனால் தயவுசெய்து அதை நம்பிக் காத்திருக்காதீர்கள். ஒஹாயோவில் இதே போன்ற சட்டம் ஒன்று இருந்தது. மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்துக்கு அது சுமை என்று 1988இல் பெண்டிக்ஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒதுக்கிவிட்டது. அதைப் பின்பற்றி, நிரந்தரமாக வெளியேறியவர்களுக்கு எதிராக 351ஐப் பயன்படுத்த முடியாது என்று கலிஃபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008இல் சொன்னது, 2020இல் மறுபடியும் சொன்னது. உங்கள் நண்பரும் இந்த வகைதான். கெடுவுக்குள் வழக்கைத் தாக்கல் செய்யுங்கள். சம்மனை டெக்சஸிலேயே அவர் கையில் கொடுக்கலாம்.

கேள்வி: பிறகு ஏன் அப்படி ஒரு சட்டம்?

பதில்: 19ஆம் நூற்றாண்டில் மாநில எல்லையைத் தாண்டியவர் மேல் அங்குள்ள நீதிமன்றத்துக்குப் பிடி கிடையாது. ஆள் திரும்பும்வரை கெடுவை நிறுத்தி வைப்பது அன்று நியாயம். மாநிலத்தோடு போதிய தொடர்பு இருந்தால் வெளியில் இருப்பவர் மேலும் அங்கே வழக்குப் போடலாம் என்று 1945இல் இன்டர்நேஷனல் ஷூ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு அந்தத் தேவை பெரிதும் குறைந்துவிட்டது.

கேள்வி: கலிஃபோர்னியாவிலேயே வசிப்பவர் சுற்றுலா போன நாட்கள்?

பதில்: வியாபாரத்துக்குத் தொடர்பில்லாத பயணம் என்றால் அந்த நாட்களைக் கெடுக் கணக்கிலிருந்து கழிக்கலாம் என்று 1999இல் ஒரு தீர்ப்பு உண்டு. கெடு சில நாட்களில் தவறிப்போனவர்களுக்குக் கடைசிக் கைப்பிடி அது.

கேள்வி: டெக்சஸில் என் காரை இடித்தவர் கலிஃபோர்னியா போய்விட்டார். டெக்சஸ் சட்டப்படியாவது கெடு நிற்குமா?

பதில்: நிற்காது. 2009இல் டெக்சஸ் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஆஷ்லி வழக்கு அப்படியே உங்களுடையதுதான். வெளியில் இருந்தாலும் சம்மன் கொடுக்க வழி இருக்கும்போது அவரை மாநிலத்தில் இல்லாதவராகக் கருத முடியாது என்றார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த வழக்கின் வாதியான பெண் இரண்டு வருடக் கெடுவுக்குள் வழக்குப் போட்டுவிட்டார். சம்மன் கொடுப்பதில் பல மாதம் தாமதம், அதனால்தான் தோற்றார். டெக்சஸில் தாக்கல் செய்தால் மட்டும் போதாது, உடனே சம்மனையும் சேர்த்துவிட வேண்டும்.

கேள்வி: மதுரையில் அப்பாவிடம் புரோநோட்டு எழுதிக் கொடுத்தவர் பெங்களூரு போனார், இப்போது துபாயில். இந்தியாவில் எப்படி?

பதில்: பெங்களூரில் இருந்த காலத்துக்கு ஒரு நாள்கூடச் சலுகை இல்லை. 1963ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டம் பிரிவு 15(5), பிரதிவாதி இந்தியாவுக்கு வெளியே இருந்த காலத்தை மட்டும்தான் கழிக்கிறது. துபாய் காலத்தைக் கழிக்கச் சொல்லிக் கேட்கலாம், ஆனால் அவர் போன தேதிக்கு ஆதாரம் நீங்கள்தான் காட்ட வேண்டும். விமானம் ஏறும் முன்பே மூன்று வருடம் ஓடியிருந்தால் இந்தப் பிரிவு உதவாது. முதலில் நோட்டின் தேதியைப் பாருங்கள். அப்புறம் பின்பக்கத்தைத் திருப்பி, கெடுவுக்குள் அவர் ஏதாவது வரவு வைத்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறாரா என்று பாருங்கள். போட்டிருந்தால் அந்தத் தேதியிலிருந்து புதிதாக மூன்று வருடம் கிடைக்கும்.