பூட்டிய வீடுகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பார்சிலோனாவில் மூடிப்போன பஞ்சாலைப் பகுதியைப் புதுத் தொழில்களின் வட்டாரமாக மாற்றியதைப் பற்றிப் படித்தேன். தேவகோட்டையில் எங்கள் பூர்வீக வீடு பூட்டித்தான் கிடக்கிறது. பங்காளிகள் ஆளுக்கொரு ஊரில். தெருவில் பாதி வீடுகள் அப்படித்தான். செட்டிநாட்டில் இதுபோல ஏதாவது செய்ய முடியுமா? இல்லை, ஹோட்டல் ஆவது மட்டும்தான் வழியா?

வாசகர், தேவகோட்டை

அன்புள்ள நண்பருக்கு,

முடியும். ஹோட்டல்கள் சில நல்ல வீடுகளைக் காப்பாற்றியிருக்கின்றன, சந்தோஷம். ஆனால் ஆயிரக்கணக்கான வீடுகளை நிரப்பச் சுற்றுலாப் பயணிகள் எங்கிருந்து வருவார்கள்? மிச்ச வீடுகளின் தூணும் நிலையும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குத்தான் போகும்.

நீங்கள் படித்தது போப்லெநோ பகுதியாக இருக்கும். 2000-இல் மாநகராட்சி அங்கே சுமார் 200 ஹெக்டேருக்குத் திட்டம் போட்டது. உடைமையாளர்கள் கூடுதலாகக் கட்டிக்கொள்ளலாம், பதிலுக்கு நிலத்தில் ஒரு பங்கைப் பூங்காவுக்கும் குறைந்த விலை வீடுகளுக்கும் விட வேண்டும். பல்கலைக்கழகங்களும் கம்பெனிகளும் கூடவே வந்தன. வாடகையும் ஏறியது. பட்டறைக்காரர்களும் ஓவியர்களும் வெளியேற நேர்ந்தது. இங்கே அது நடக்கவே கூடாது.

நமக்கு இது புதிதும் இல்லை. காரைக்குடியில் வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார், 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953-இல் சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வகம் திறந்தது. தனியார் நிலம், அரசு ஆய்வகம், பக்கத்திலேயே கல்லூரிகள். அந்தச் சிக்ரியில் உலோகம் துருப்பிடிப்பதைப் பற்றிப் பல ஆண்டுகளாக ஆராய்கிறார்கள். அதே ஊரில் எத்தனையோ வீடுகளில் இரும்பு கர்டர் துருவேறி, காரை பெயர்ந்து, மழைத்தண்ணீர் உள்ளே இறங்குகிறது. இந்த இரண்டையும் சேர்த்துவைக்க ஆள் இல்லை என்பதுதான் என் வருத்தம்.

ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கும் கல் செய்வதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். கண்ணாடியின் மேல் அச்சை வைத்துக் கலர்க் குழம்பைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்ததும் உலர்ந்த சிமெண்ட்டும் மணலும் தூவி, மேலே ஈரக் கலவையை வைத்து அமுக்கி, தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைக்கிறார்கள். கண்ணாடி விடுபடும்போதே பளபளப்பு வந்துவிடுகிறது. சூளையே கிடையாது! இந்தக் கைவேலைக்காரர்களோடு சிமெண்ட், உலோகம் போன்ற பொருட்களின் தன்மையைப் படிக்கும் மாணவர்கள் ஆறு மாதம் உட்கார்ந்தால் என்னவெல்லாம் பிறக்கும்? அவர்கள் உட்கார இடம்தான் உங்கள் வீடு. முகப்பு அலுவலகம் ஆகட்டும், இரண்டாங்கட்டு பட்டறை ஆகட்டும். வளவில், அதாவது உள்முற்றத்தைச் சுற்றி, ஒவ்வொரு பங்காளிக்கும் உரிய அறை அவரவர் சாவியிலேயே இருக்கட்டும்.

சரி, இதையெல்லாம் யார் நடத்துவது? புள்ளிக்கு, அதாவது மணமான தம்பதிக்கு, இவ்வளவு என்று வரி வசூலித்து நகரத்தாரின் சிவன் கோயில்களைத் தலைமுறைகளாக நிர்வகித்த ஊர்கள் இவை. பொதுச் சொத்துக்குக் கணக்கு வைப்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். பங்காளிகள், சிக்ரி, அழகப்பா பல்கலைக்கழகம், கைவினைஞர்கள், உள்ளாட்சி நிர்வாகங்கள் எல்லோருக்கும் இடமுள்ள ஒரு பொது அமைப்பு வேண்டும். அது வீட்டை வாங்கக் கூடாது, நீண்ட குத்தகைக்குத்தான் எடுக்க வேண்டும். கைவினைஞருக்கான வாடகைக்கு உச்சவரம்பை முதல் நாளே எழுதிவிட வேண்டும்.

முன்னோருக்குப் படையலிடும் அடுத்த படைப்புக்குப் பங்காளிகள் கூடும்போது பேச்சை எடுங்கள். விற்பனை பற்றியல்ல, குத்தகை பற்றி மட்டும். எல்லோரும் கையெழுத்துப் போடுவார்களா என்று கேட்டு எனக்கு எழுதுங்கள்.