சேர்ந்தே இருக்கிறோம், மனம்விட்டுப் பேச ஆளில்லை

அன்புள்ள மேடம்,

நானும் என் கணவரும் தோல் பொருட்கள் செய்து விற்கிறோம். பை, பர்ஸ், பெல்ட், தோல் அட்டை போட்ட நோட்டு, எல்லாமே கையால் செய்வது. தோல் வாங்குவது, வெட்டுவது, கணக்கு, வியாபாரப் பேச்சு எல்லாம் அவர். தையல் முழுக்க நான். கல்யாணத்துக்கு முன்பிருந்தே எனக்கு இந்தக் கைவேலை பழக்கம். நான் ஆசைக்குச் செய்து வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, "இதையே தொழிலா பண்ணலாமே" என்று சொல்லித் தன் வேலையை விட்டுவிட்டு வந்தவர் அவர். அந்த நம்பிக்கையை நான் இன்றும் மறக்கவில்லை.

வருடத்தில் பாதி நாட்கள் பயணம்தான். ஊர் ஊராகக் கைவினைக் கண்காட்சிகளுக்கு வேனில் சாமான் ஏற்றிக்கொண்டு போய் ஸ்டால் போடுவோம். எத்தனையோ ஊருக்குப் போயிருக்கிறோம், ஆனால் மண்டபத்தையும் வண்டி நிறுத்தும் இடத்தையும் தவிர எதையும் பார்த்ததில்லை. ஸ்டாலுக்கு வருபவர்கள், "புருஷன் பொண்டாட்டி சேர்ந்து ஊர் சுத்திக்கிட்டே சம்பாதிக்கிறீங்க, கொடுத்து வச்சவங்க" என்பார்கள். சிரித்து வைப்பேன். அந்த நேரத்தில் மேஜைக்குக் கீழே என் வலது கை விரல்களை நீவிவிட்டுக்கொண்டிருப்பேன்.

எங்கள் தையல் எப்படியென்றால், ஒரே நூல், இரண்டு முனையிலும் ஊசி. மெழுகு தடவிய நூலை ஒவ்வொரு துளையிலும் இரண்டு பக்கமிருந்தும் நுழைத்து, ஒரே அளவு இறுக்கி இழுக்க வேண்டும். ஒரு கை கொஞ்சம் தளர்ந்தாலும் வரிசை கோணிவிடும். அவசரப்படுத்தவே முடியாத வேலை. ஆனால் ஸ்டாலில் யாராவது பெரிய பையைக் காட்டி இதே போல வேறு நிறத்தில் வேண்டும் என்றால், இவர் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், "அடுத்த வாரமே அனுப்பிடலாம்" என்று சொல்லிவிடுவார். முன்பணமும் வாங்கிவிடுவார். அன்று ராத்திரி தங்கும் அறையில் விளக்கைத் திருப்பி வைத்துக்கொண்டு நான் தைப்பேன். அவர் வண்டி ஓட்டி, பெட்டி தூக்கிய களைப்பில் தூங்குவார்.

இதைப் பேச எடுத்தாலே, "உனக்காகத்தானே எல்லாம் பண்றேன்" என்பார். காலையில் ஸ்டால் திறக்கும் முன்பே வாடகை, டீசல், அறைச் செலவு எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக் கூட்டி வைத்துவிடுவார். அந்த நோட்டைக் காட்டுவார். அப்புறம் நான் என்ன பேசுவது? போன கண்காட்சியில் விற்பனை சரியில்லை. திரும்பி வரும்போது, "நாமதான் நாள் தவறாம தச்சும் இப்படி ஆயிடுச்சே" என்று ஆரம்பித்தேன். "நாமன்னு சொல்லாத, நீ தச்ச, நான் மட்டும் சும்மாவா இருந்தேன்?" என்றார். பிறகு வீடு வரும்வரை இரண்டு பேரும் பேசவில்லை.

இப்போது அடுத்த சீசனுக்கு இடைவெளியே இல்லாமல் வரிசையாகக் கண்காட்சிகளைப் பிடித்து வைத்திருக்கிறார். மாதக் கடைசிக்குள் முன்பணம் கட்ட வேண்டுமாம். எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. இடையில் ஒரு நாள் எனக்கென்று ஒரு சின்னப் பை தைக்க உட்கார்ந்தேன். பாதியில் எடுத்து வைத்துவிட்டேன், ஆசையே வரவில்லை. வெளியில் எங்காவது வேலைக்குப் போய்விடலாமா என்றுகூடத் தோன்றுகிறது. அப்படிச் செய்தால் தொழிலோடு குடும்பமும் உடைந்துவிடுமோ என்று பயம். அம்மாவிடம் சொன்னால், "கூடவே இருக்கார், உழைக்கிறார், இன்னும் என்ன வேணும்?" என்கிறார். யாரிடம் போய்ச் சொல்வது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புச் சகோதரிக்கு,

யாரிடம் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கஷ்டத்தில் பாதி அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. அலுவலகத்தில் வேலை செய்யும் பெண்ணுக்கு மேலாளர் மீது கோபம் வந்தால், வீட்டுக்கு வந்து கணவரிடம் கொட்டலாம். கணவர் மீது கோபம் என்றால் மதிய இடைவேளையில் தோழியிடம் சொல்லி ஆறலாம். உங்களுக்குக் கோபம் வருவதும் அவர் மீது, அதைச் சொல்லி ஆறுதல் தேட வேண்டியதும் அவரிடமே. போதாததற்கு வீட்டின் முழு வருமானமும் ஒரே ஸ்டாலிலிருந்து வருகிறது. தையலைப் பற்றிச் சண்டை போட்டால் அது குடும்பத்தில் விழும், குடும்பத்தில் மனஸ்தாபம் வந்தால் மறுநாள் வியாபாரத்தில் விழும் என்று இருவருமே பயந்து வாயை மூடிக்கொள்கிறீர்கள். சேர்ந்து தொழில் செய்யும் தம்பதிகளிடம் இந்த மௌனத்தை நான் அடிக்கடி பார்க்கிறேன். இது அன்பு குறைந்ததன் அடையாளம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் உங்கள் கை. மற்ற எல்லாம் அதற்குப் பிறகுதான். எந்த விரல்கள் என்று நீங்கள் எழுதவில்லை. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போய், ராத்திரியில் அது அதிகமானால், மணிக்கட்டுக்குள் போகும் நரம்பு அழுந்துவதாக இருக்கலாம். கட்டைவிரலின் அடிப்பக்கத்தில் மணிக்கட்டு ஓரமாக வலி என்றால் தசைநாண் உறை வீங்கியிருக்கலாம். ஆரம்பத்தில் போனால் ஓய்வு, கைப்பட்டை, வேலை செய்யும் முறையில் மாற்றம் என்று பெரும்பாலும் சமாளித்துவிடலாம். நரம்பு அழுத்தத்தை வருடக்கணக்கில் தள்ளிப்போட்டால் விரல்களின் உணர்வும் பிடியின் வலுவும் குறைந்துவிடும். இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள், கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் வீட்டில் சொல்லும்போது புகாராகக் கேட்கும் விஷயம், டாக்டர் சொல்லும்போது தகவலாக அவர் காதில் விழும்.

அடுத்து, வேனில் நடந்த அந்த வாக்குவாதம். "நான் மட்டும் சும்மாவா இருந்தேன்?" என்று அவர் கேட்டது உங்களைக் குத்தியிருக்கிறது. 1979-ல் மைக்கேல் ராஸ், ஃபியோரே சிக்கோலி என்ற இரண்டு உளவியலாளர்கள் கனடாவில் 37 தம்பதிகளிடம், வீட்டின் ஒவ்வொரு வேலையிலும் தன் பங்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டார்கள். கணவன் சொன்ன பங்கையும் மனைவி சொன்ன பங்கையும் கூட்டினால், பெரும்பாலான வேலைகளில் நூறு சதவீதத்தைத் தாண்டியது. யாரும் பொய் சொல்லவில்லை. நாம் செய்தது நம் நினைவில் முழுதாக இருக்கிறது, மற்றவர் செய்தது அரைகுறையாகத்தான் கண்ணில் படுகிறது. எனக்கு அந்த ஆய்வில் ரொம்பப் பிடித்தது இன்னொன்று: சண்டைக்குக் காரணமாக இருப்பது போன்ற நல்லதல்லாத விஷயங்களிலும் தங்கள் பங்கை மக்கள் கூட்டியே சொன்னார்கள். ஆக, பெருமைக்காக மட்டும் இப்படி நடப்பதில்லை. உங்கள் வீட்டிலும் இதுதான். நீங்கள் விளக்கடியில் தைத்த இரவுகளை அவர் தூங்கிக் கழித்தார். விடிவதற்கு முன் நெடுஞ்சாலையில் அவர் கண் விழித்து ஓட்டிய நேரங்களில் நீங்கள் களைத்துச் சாய்ந்திருப்பீர்கள். இருவருக்கும் மற்றவரின் மிகக் கடினமான நேரம் தெரியாது.

அந்த நோட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்டால் திறக்கும் முன்பே செலவைக் கூட்டி வைப்பவர் பயத்தோடு நாளைத் தொடங்குகிறார். இருந்த வேலையை விட்டு வந்தவர். இது தோற்றால் தன் முடிவே தோற்றுவிடும் என்ற நினைப்பு அவருக்குள் இருக்கலாம். முன்னால் ஒருவர் பர்ஸைத் திறந்து நிற்கும்போது, "முடியாது" என்று சொல்ல அவரால் முடியவில்லை. இதனால் அவர் செய்தது சரியாகிவிடாது. உங்கள் கையின் உழைப்பை உங்களைக் கேட்காமல் வாக்குக் கொடுப்பது தவறுதான், அதை நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் அவருடைய பயம் உங்களுக்குப் புரிந்தால், பேச்சை எங்கிருந்து தொடங்குவது என்பது தெரியும்.

எப்போது பேசுவது என்பதும் முக்கியம். கண்காட்சி முடிந்த இரவில், வேனுக்குள், விற்பனை மோசமான நாளில் பேச வேண்டாம். தூங்கி எழுந்து, வேறு வேலை இல்லாத காலையில் உட்காருங்கள். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் காட்மேனும் சிபில் கரேரும் 124 புதுமணத் தம்பதிகள் தங்களுக்குள் இருக்கும் ஒரு பிரச்சினையைப் பேசுவதைப் பதிவு செய்தார்கள். 1999-ல் வெளியான அந்த ஆய்வில், பேச்சின் முதல் 3 நிமிடங்களில் வெளிப்பட்ட உணர்ச்சிகளே, அடுத்த 6 ஆண்டுகளில் யார் பிரிந்தார்கள், யார் சேர்ந்திருந்தார்கள் என்பதோடு பொருந்திப்போயின. ஆகவே முதல் வாக்கியத்தை யோசித்து வைத்துக்கொண்டு போங்கள். "நீங்க என்னைக் கேக்காம ஒத்துக்கிட்டே இருக்கீங்க" என்று தொடங்கினால் நோட்டு வெளியே வரும். "என் கை வலிக்குது, பயமா இருக்கு. எவ்வளவு தைக்க முடியும்னு நாம சேர்ந்து முடிவு பண்ணணும்" என்று தொடங்கிப் பாருங்கள். இரண்டிலும் விஷயம் ஒன்றுதான். இரண்டாவதில் அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை.

அந்தப் பேச்சில் ஒரு முடிவு மட்டும் கிடைத்தால் போதும். ஒரு வாரத்தில் எவ்வளவு தையல் என்பதை நீங்கள் சொல்ல வேண்டும், அவர் அதற்குள்தான் விற்க வேண்டும். ஸ்டாலில் யார் தனி ஆர்டர் கேட்டாலும், "ரெண்டு பேரும் பேசிட்டு நாளைக்குச் சொல்றோம்" என்பது வழக்கமாகட்டும். கையால் செய்த பொருளை வாங்க வருபவர் பொறுப்பார். அவசரமே முக்கியம் என்பவருக்கு எந்திரத் தையல் பை எங்கேயும் கிடைக்கும். அவர் தரப்பிலிருந்தும் ஒரு கோரிக்கையைக் கேட்டு வாங்குங்கள். கணக்கை இருவரும் சேர்ந்து பார்ப்பதாக அது இருந்தால் ரொம்ப நல்லது. அந்த நோட்டைத் தனியாகச் சுமப்பது அவருக்கும் பாரம்தான்.

உங்களுக்கென்று தைக்க உட்கார்ந்து ஆசை வரவில்லை என்றீர்களே, அதைப் படித்தபோது எனக்கு மனசு கனத்துவிட்டது. இதுவும் எதிர்பார்க்கக்கூடியதே. 1973-ல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும், படம் வரைவதை ஏற்கனவே விரும்பிய மழலைப் பள்ளிக் குழந்தைகள் சிலரிடம், வரைந்தால் ரிப்பன் ஒட்டிய பரிசுச் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொன்னார்கள். பிறகு சும்மா விளையாடும் நேரத்தில், அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்ற குழந்தைகளுக்கு அப்படி ஆகவில்லை. விரும்பிச் செய்த ஒன்று, "இதற்காகத்தான் செய்கிறோம்" என்று ஆனபின் அதன் சுவை குறையக்கூடும். இந்த ஆய்வு குழந்தைகளைப் பற்றியது. உங்களுக்கு வலியும் தூக்கமின்மையும் சேர்ந்திருக்கின்றன. அதனால் அந்தப் பையை இப்போதே முடிக்கக் கட்டாயப்படுத்தாதீர்கள். கை தேறியபிறகு, விற்பனைக்கே வராத எதையாவது செய்து பாருங்கள். தோலே வேண்டும் என்றில்லை.

வெளி வேலை பற்றி. தொழிலை விட்டு விலகுவதும் கணவரை விட்டு விலகுவதும் ஒன்றில்லை. ஒருவர் வெளியில் சம்பாதித்து இன்னொருவர் தொழிலை நடத்தும் தம்பதிகளும் நன்றாகவே இருக்கிறார்கள். நிலையான ஒரு வருமானம் வந்தால், விற்பனை குறையும் நாளைப் பற்றிய பயம் தணியவும் செய்யும். ஆனால் தூக்கமும் கையும் கெட்டிருக்கும்போது இந்த முடிவை எடுக்காதீர்கள். தையல் அளவை நிர்ணயித்து ஒரு சீசன் ஓடட்டும். அதன் பிறகும் வெளியே போகத் தோன்றினால், அதைத் தப்பி ஓடுவதாக நினைக்காமல் உங்கள் விருப்பமாகவே மதித்து அவரிடம் சொல்லுங்கள்.

மாதக் கடைசிக்குள் முன்பணம் கட்ட வேண்டும் என்பதால், அந்தக் காலைப் பேச்சு அதற்கு முன்பே நடக்க வேண்டும். முழுப் பட்டியலையும் மறுக்க வேண்டாம். பட்டியலை நடுவில் வைத்து, கைக்கு ஓய்வு கொடுக்க எவற்றை விடலாம் என்று அவரையே கேளுங்கள். மிஞ்சும் ஊர்களில் ஒன்றிலாவது ஒரு நாள் முன்னதாகப் போய், பெட்டிகளை வண்டியிலேயே விட்டுவிட்டு இருவரும் ஊரைச் சுற்றுங்கள். அன்று தொழில் பேச்சே வேண்டாம். அவர் உட்கார்ந்து பேசவே மறுத்தால், தனியாகவாவது ஓர் ஆலோசகரைப் போய்ப் பாருங்கள். டாக்டர் கையைப் பற்றி என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்