சூடான உலோகம் விழுந்தும் நீர் குளிருமா?

கேள்வி: 100 டிகிரி செல்சியஸில் உள்ள 200 கிராம் அலுமினியக் கட்டியை, 25 டிகிரியில் உள்ள 500 கிராம் நீரில் போடுகிறோம். இறுதி வெப்பநிலை என்ன? எனக்கு 18 டிகிரி வருகிறது. எங்கே தவறு?

பதில்: ‘கட்டி இழக்கும் வெப்பம் = நீர் பெறும் வெப்பம்’ என்ற சூத்திரம் சரி, குறிதான் தவறு. கட்டிக்கும் நீருக்கும் ஒரே மாதிரி ‘இறுதி கழித்தல் தொடக்கம்’ என்று எழுதிச் சமப்படுத்தினால்தான் 18 வரும். கட்டி வெப்பத்தை இழக்கிறது. ஆகவே அதற்குத் தொடக்கத்திலிருந்து இறுதியைக் கழிக்க வேண்டும்.

சமன்பாட்டுக்கு முன், ஒரு டிகிரி மாற எவ்வளவு வெப்பம் தேவை என்று ஒவ்வொன்றுக்கும் பாருங்கள். தன் வெப்ப ஏற்புத்திறன், அதாவது ஒரு கிலோகிராம் பொருள் ஒரு டிகிரி சூடாகத் தேவையான வெப்பம், அலுமினியத்துக்குச் சுமார் 900 ஜூல், நீருக்கு 4,200 ஜூல். கட்டிக்கு 0.2 × 900 = 180. நீருக்கு 0.5 × 4,200 = 2,100. நீரின் பங்கு கிட்டத்தட்ட 12 மடங்கு என்பதால், விடை 25-ஐ ஒட்டித்தான் இருக்கும் என்பது இங்கேயே தெரிந்துவிடுகிறது. இந்த ஊகத்தை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். பாதித் தவறுகள் இதிலேயே பிடிபடும்.

இறுதி வெப்பநிலை ‘இ’ என்றால்:

180 × (100 − இ) = 2,100 × (இ − 25)
70,500 = 2,280 × இ
இ = 30.9 டிகிரி

சரிபார்க்க: கட்டி இழந்ததும் நீர் பெற்றதும் சுமார் 12,430 ஜூல். கிராமைக் கிலோகிராமாக மாற்ற மறக்காதீர்கள். வெப்பநிலை வேறுபாட்டோடு 273-ஐக் கூட்டவும் வேண்டாம், 5.9 டிகிரி உயர்வு கெல்வினிலும் 5.9-தான்.

ஆய்வகத்தில் 30.9-க்குச் சற்றுக் குறைவாகவே வரும். பாத்திரமும் சூடாகிறதே! அது 100 கிராம் அலுமினியம் என்றால் நீரின் பக்கம் 90-ஐச் சேர்த்துக்கொள்ளுங்கள், விடை 30.7 ஆகும். கட்டியைக் கொதிநீரிலிருந்து எடுத்துப் போடும் சில நொடிகளில் காற்றுக்குப் போகும் வெப்பமும் உண்டு. மாறாக, கட்டியில் ஒட்டிவரும் வெந்நீர்த் துளிகள் அளவீட்டைக் கூட்டிவிடும்.

உலோகக் கட்டிக்குப் பதிலாக அதே நீரில் பனிக்கட்டியைப் போட்டால் இந்தச் சமன்பாடு மட்டும் போதாது. 0 டிகிரி பனிக்கட்டி 200 கிராம் உருகவே சுமார் 66,800 ஜூல் வேண்டும். உங்கள் நீர் 0 டிகிரிவரை குளிர்ந்தாலும் தருவது 52,500-தான். ஆகவே ஏறத்தாழ 157 கிராம் உருகி, மீதி பனிக்கட்டியாகவே நிற்கும். இறுதி வெப்பநிலை 0 டிகிரி.